ஜான் மேங்கி ரிக்ஸ்

ஜான் மேங்கி ரிக்ஸ் (அக்டோபர் 25, 1811 – நவம்பர் 11, 1885) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆவார். ஈறுக்கு அடியில் பல்வேரின் மீது படியும் காரையைச் சுரண்டி அகற்றி ஈறு நோயைக் குணப்படுத்தும் முறையை நிலைநாட்டியவர்களுள் இவர் முதன்மையானவர். ஈறு நோய் மருத்துவத்தையே தனித் தொழிலாகக் கொண்ட முதல் வல்லுநர் எனப் பல் மருத்துவ வரலாற்றில் கருதப்படுகிறார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்நோய் இவரது பெயராலேயே ரிக்ஸ் நோய் என்று வழங்கியது.

வாழ்க்கைக் குறிப்பு

ரிக்ஸ் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள சீமோர் என்னும் ஊரில் பிறந்தார். பின்னாளில் டிரினிட்டி கல்லூரி எனப் பெயர் பெற்ற ஹார்ட்ஃபோர்ட் நகரக் கல்லூரியில் பயின்றார். அந்நகரில் தொழில் நடத்திவந்த ஹொரேஸ் வெல்ஸிடம் பல் மருத்துவம் கற்று, அங்கேயே தாமும் மருத்துவராகப் பணியாற்றினார்.

வலியின்றிப் பிடுங்கிய பல்

டிசம்பர் 10, 1844 அன்று ஹார்ட்ஃபோர்டில் கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைக் கொண்டு ஒரு காட்சி நடத்தினார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் காயம்பட்டும் வலியை உணராததை வெல்ஸ் கவனித்தார். மறுநாள் கோல்ட்டன் வாயுவைக் கொடுக்க, வெல்ஸின் கடைவாய்ப் பல் ஒன்றை ரிக்ஸ் பிடுங்கினார். வெல்ஸுக்கு வலி தெரியவில்லை. மயக்க மருந்தின் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை ஆகும். 1848ல் வெல்ஸ் இறந்தார். மயக்க மருந்தை முதலில் கண்டறிந்தவர் யார் என்ற நீண்ட சர்ச்சையில் ரிக்ஸ் வெல்ஸுக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார்.

ஈறு நோய் மருத்துவம்

புகழ்பெற்ற ஒரு பல்லைப் பிடுங்கிய ரிக்ஸ், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பற்களைப் பிடுங்காமல் காப்பதற்கே செலவிட்டார். ஈறு வீங்கி, சீழ் வடிந்து, பல் ஆடத் தொடங்கினால் அதைப் பிடுங்குவதே அக்காலத்தில் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. இந்நோய் உடலின் பொதுவான கோளாற்றால் வருவது என்று பலர் நம்பினர். சிலர் நோயுற்ற ஈற்றை வெட்டி நீக்கினர்.

ரிக்ஸ் இவ்விரு கருத்துகளையும் ஏற்கவில்லை. நோயின் காரணம் பல்லின் மேலேயே உள்ளது என்றும், ஈறுக்குள் மறைந்துள்ள காரையையும் வேரின் சொரசொரப்பையும் நீக்கினால் ஈறு தானே ஆறும் என்றும் வாதிட்டார். ஈற்றை வெட்டுவதை எதிர்த்தார். நோயாளி வாயைத் தூய்மையாக வைத்திருந்தால் நோயைத் தடுக்கலாம் என்றும் வலியுறுத்தினார். குறைவாகவே எழுதிய இவர், 1876ல் வெளியிட்ட கட்டுரையில் தம் கொள்கையை விளக்கினார்.

காரையைச் சுரண்டுவது ரிக்ஸ் கண்டுபிடித்த செயல் அன்று. 10ஆம் நூற்றாண்டிலேயே குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அரபு மருத்துவர் அல்-சஹ்ராவி அதற்கான கருவிகளை விவரித்துள்ளார். அதனை ஈறு நோய்க்கான முழுமையான மருத்துவமாக வளர்த்ததே ரிக்ஸின் பங்களிப்பு ஆகும். ஊசியால் ஈற்றை மரத்துப்போகச் செய்யும் முறை 1884ஆம் ஆண்டை ஒட்டியே தோன்றியதால், இவரிடம் வந்தவர்களுள் பெரும்பாலோர் அவ்வசதியின்றியே இச்சிகிச்சையைப் பெற்றனர்.

பிற்கால அறிவியல்

காரையே நோயின் வேர் என ரிக்ஸ் கருதினார். பல்லின் மீது படலமாகப் படரும் பாக்டீரியாக்களும் அவற்றை எதிர்க்கும் உடலின் அழற்சியுமே திசுக்களை அழிக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. இப்படலம் இறுகிக் காரையாகிறது. காரையின் சொரசொரப்பான பரப்பில் மேலும் பாக்டீரியாக்கள் தங்குகின்றன. எனவே ரிக்ஸ் கூறிய காரணம் முழுமையற்றதாக இருந்தபோதிலும் அவர் காட்டிய சிகிச்சை பொருத்தமானதாகவே அமைந்தது.

நலமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேற்படாது. நோயுற்றால் அது ஆழமான பையாக மாறுகிறது. இன்றைய ஆழ்ந்த சுத்திகரிப்பில் ஈற்றை மரத்துப்போகச் செய்து, கைக்கருவிகளாலோ மீயொலிக் கருவிகளாலோ பையினுள் உள்ள படிவுகளை அகற்றி வேரைச் சீராக்குகின்றனர். அதன்பின் வீக்கம் வடிந்து பையின் ஆழம் குறைகிறது. ஆயினும் இழந்த எலும்பு இதனால் பெரும்பாலும் மீள்வதில்லை. மிக ஆழமான பைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். புகைபிடித்தலும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் குணமாவதைத் தாமதப்படுத்துகின்றன.

தாக்கம்

வில்லியம் யங்கர் முதலானோர் ரிக்ஸின் வழியைப் பின்பற்றினர். 1914ல் கிரேஸ் ராஜர்ஸ் ஸ்பால்டிங், ஜில்லெட் ஹேடன் ஆகிய இரு பெண் மருத்துவர்களின் முயற்சியால் அமெரிக்காவில் ஈறு நோய் மருத்துவத்துக்கென ஒரு கழகம் நிறுவப்பட்டது. ரிக்ஸ் நோய் என்னும் பெயர் வழக்கொழிந்துவிட்டது. எனினும் அறுவைக்கு முன் வேரைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும் என்னும் அவரது அணுகுமுறை ஈறு நோய் மருத்துவத்தின் அடிப்படையாக நிலைத்துள்ளது.