கொக்குப் பாட்டு பாடிய தாஸ்

கொக்கைப் பற்றிப் பாடினால் போலீஸ் பிடிக்குமா? ஆங்கிலேயர் ஆட்சியில் பிடித்தது குட்டீஸ்! அப்படிப் பாடிச் சிறை சென்றவர்தான் நாடக நடிகர் விஸ்வநாததாஸ்.

இவர் 1886-ம் ஆண்டு சிவகாசியில் பிறந்தார். வாழ்ந்தது மதுரைக்குப் பக்கத்தில் உள்ள திருமங்கலத்தில். அப்போது சினிமா இன்னும் பரவலாகவில்லை. நாடகம் என்றால் சுற்றுவட்டார கிராம மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். விடிய விடிய நடக்கும். மைக் இல்லாததால், கடைசி வரிசை வரை கேட்கும்படி உரக்கப் பாட வேண்டும். கணீர்க் குரல் கொண்ட தாஸுக்கு அது கைவந்த கலை!

'வள்ளி திருமணம்' நாடகத்தில் தாஸ்தான் முருகன். தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை விரட்டும் காட்சி வரும் இல்லையா? அங்கேதான் கொக்குப் பாட்டைப் பாடுவார். அதை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். இவருடைய பாடல்கள் பல, கிராமபோன் இசைத்தட்டுகளாகவும் வந்தன. 1931-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்துக்கும் பாட்டு எழுதியவர் இவரே.

பாட்டில் வருவது வெள்ளைக் கொக்கு. கடல் கடந்து வியாபாரத்துக்கு வந்து, நம் நாட்டையே சுரண்டிய வெள்ளைக்காரர்கள்தான் அந்தக் கொக்கு! எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருள் சட்டென்று புரிந்தது. போலீசாருக்கும் புரிந்தது! பிடிக்காத நாடகங்களைத் தடை செய்ய 1876-லேயே ஆங்கில அரசு சட்டம் போட்டிருந்தது. தாஸைப் பலமுறை கைது செய்தார்கள். விடுதலையானதும் மறுபடி மேடையேறி அதே பாட்டைப் பாடினார்.

இன்னொரு கொடுமையும் அவரை வாட்டியது. முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அவருடன் ஜோடியாக நடிக்க நடிகைகள் சிலர் மறுத்தார்கள். முருகனாக மேடையில் நின்றபோது கும்பிட்ட ஊர், மேடையை விட்டு இறங்கியதும் சாதி பார்த்தது. அந்த வழக்கத்தை உடைத்து அவருடன் துணிந்து நடித்தவர், மதுரையைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை கே.பி. ஜானகி அம்மாள்.

1940, டிசம்பர் 31. சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகம். மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்த தாஸ், அப்படியே உயிர் பிரிந்து சாய்ந்தார். நாடு விடுதலை அடைய அப்போது இன்னும் ஏழு ஆண்டுகள் கூட இல்லை!

திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் மறக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள். வயல் ஓரத்தில் கொக்கு நின்றால், அதை வைத்தே ஓர் அரசாங்கத்தை மிரள வைத்த தாஸையும் நினைத்துக்கொள்ளுங்கள் குட்டீஸ்!