பெஸ்ஸியை மறவாத மருத்துவர்

கிருமி கண்டு அஞ்சுவது நம் இயல்பு. அக்கிருமியையே புற்றுநோய்க்கு எதிராக ஏவிய ஒருவரைப் பற்றி நாம் அறிவது நன்று.

வில்லியம் கோலி 1862-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் பயின்று, நியூயார்க்கில் அறுவை மருத்துவரானார். 1890-இல் பெஸ்ஸி டாஷியல் என்னும் பெண் கைவலியோடு அவரிடம் வந்தாள். வயது 17, நம் மேல்வகுப்பு மாணவியரின் வயதுதான். எலும்பைப் பற்றும் சார்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. கையின் ஒரு பகுதியையே எடுத்தும் பயனில்லை. 1891 ஜனவரியில் அவள் கண் மூடினாள்.

கோலியால் அதைத் தாங்க முடியவில்லை. மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்தில் இதே வகைக் கட்டியோடு வந்த ஏழைத் தொழிலாளி ஒருவர் பலமுறை அறுவை செய்தும் தேறவில்லை. பின்பு எரிசிப்பெலாஸ் என்னும் தோல்நோய் தொற்றிக் கடுங்காய்ச்சல் வர, கட்டி கரைந்துபோனது! அந்த மனிதரைத் தேடி, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் கோலி வீடு வீடாக அலைந்தார். ஏழாண்டுகளுக்குப் பின்னும் அவர் நலமாக இருக்கக் கண்டார்.

அவ்வாண்டே கோலி இத்தாலியர் ஒருவருக்கு உயிருள்ள கிருமிகளை ஊசிவழி ஏற்றினார். நோயாளி சாவின் விளிம்புவரை சென்று மீண்டார், கட்டியும் கரைந்தது. ஆனால் பின்னர் சிலர் அத்தொற்றாலேயே இறந்தனர். இன்று எந்த மருத்துவமனையும் இதற்கு இசையாது. ஆகவே கோலி கொல்லப்பட்ட இருவகைக் கிருமிகளைக் கலந்து மருந்து செய்தார். 1893-இல் அதைப் பெற்ற 16 வயதுச் சிறுவனின் வயிற்றுக் கட்டி மறைந்தது. அவன் வளர்ந்து, 1919 வரை வாழ்ந்தான்.

எல்லாருக்கும் பலித்ததா என்றால், இல்லை. மருந்தைச் செய்யும் முறையும் கொடுக்கும் அளவும் மாறிக்கொண்டே இருந்தன. குறிப்புகளும் ஒழுங்காக இல்லை. குறை கோலியிடமும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சு மருத்துவம் வந்ததும் அதன்மேல் எல்லாரும் நம்பிக்கை வைத்தனர். உடன் பணிபுரிந்த ஜேம்ஸ் யூயிங் என்னும் பேரறிஞரே கோலியை எதிர்த்தார். 1936-இல் கோலி மறைந்தபோது அவர் முறையை நம்பியோர் சிலரே.

அச்சிலரில் ஒருவர் அவர் மகள் ஹெலன். மருத்துவம் படியாதவர். தந்தை விட்டுச்சென்ற தாள்களை ஒன்றுவிடாமல் படித்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் வரலாறுகளைத் தொகுத்தார். 1953-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவுவதில் முன்னின்றார். கிருமி வந்ததும் விழித்தெழும் நம் உடலின் காவற்படை புற்றையும் தாக்கவல்லது என்பதை அறிவியலார் படிப்படியாகத் தெளிந்தனர்.

காசநோய் வராமல் காக்க நம்மில் பலருக்குக் குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. ஊசி போடப்பட்டதல்லவா? அது வலுவிழக்கச் செய்த உயிர்க்கிருமி. 1976-இல் கனடாவின் மருத்துவர் மொராலெஸ், அதைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளருக்குச் செலுத்திக் கண்ட நற்பலனை வெளியிட்டார். இன்றும் அந்நோயின் தொடக்க நிலையில், கட்டியை அகற்றியபின் அது மீண்டும் தலைகாட்டாதிருக்க, மருத்துவர்கள் பி.சி.ஜி.யையே செலுத்தி வருகின்றனர்.