கோழிக் குஞ்சுக்குக் கட்டம் போட்ட பேராசிரியர்

ஆரணியில் பட்டுச் சேலை நெய்கிறவர்களுக்குக் கட்டம் போட்ட தாள் புதிது அல்ல.

முந்தானையில் மயில் வர வேண்டுமா? முதலில் மயிலைக் கட்டத் தாளில் வரைகிறார்கள். எந்தக் கட்டத்தில் இழை மேலே வர வேண்டும், எந்தக் கட்டத்தில் கீழே போக வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். அதன்படி அட்டையில் துளை போடுகிறார்கள். அதன் பிறகுதான் தறியில் நெசவு. கட்டம் சரியாக இருந்தால் மயிலும் சரியாக வரும்.

இதே மாதிரி கட்டம் போட்டு, பிறக்கப் போகும் கோழிக் குஞ்சு எப்படி இருக்கும் என்று கணக்குச் சொன்னார் ஒரு விஞ்ஞானி. அவர் பெயர் ரெஜினால்ட் புன்னட்.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். புன்னட் கட்டம் என்றால் உடனே தெரியும். ஆனால், அந்தப் புன்னட் யார்? அவருக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?

படுக்கையில் கிடைத்த புத்தகம்

இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1875-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி புன்னட் பிறந்தார்.

சிறு வயதில் அவருக்குக் குடல்வால் நோய் வந்தது. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது, அவர் படுக்கையில் கிடந்தார். பொழுது போகவில்லை. பிராணிகளைப் பற்றிய ஒரு பழைய புத்தக வரிசை கைக்குக் கிடைத்தது. எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க ஆசை வளர்ந்தது.

நோய் போய்விட்டது. ஆசை போகவில்லை!

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் விலங்கியல் படித்து, 1898-ம் ஆண்டு பட்டம் பெற்றார். முதலில் கடல் புழுக்களை ஆராய்ந்தார். அதன் பிறகுதான் அவருடைய வாழ்க்கை கோழிப் பண்ணைப் பக்கம் திரும்பியது.

பாதிரியாரின் பட்டாணி

மெண்டல் என்ற பாதிரியார், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். தாயிடம் இருந்து ஒரு பங்கு, தந்தையிடம் இருந்து ஒரு பங்கு என்று குணங்கள் பிள்ளைக்கு வருகின்றன. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதுதான் அந்த உண்மை. 1866-ம் ஆண்டு அதை அச்சிட்டார். உலகம் கவனிக்கவில்லை. அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, 1900-ம் ஆண்டுதான் அதன் பெருமை தெரிந்தது.

கேம்பிரிட்ஜில் பேட்சன் என்ற விஞ்ஞானி, இந்தக் கணக்கு பிராணிகளுக்கும் பொருந்துமா என்று பார்க்க விரும்பினார். கோழிகளை வளர்த்துப் பார்த்தார். பொருந்தியது! அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர்தான் புன்னட்.

கொண்டை சொன்ன கதை

கோழிகளின் கொண்டை எல்லாம் ஒரே மாதிரி இருப்பது இல்லை. ரோஜாக் கொண்டை என்று ஒரு வகை. பட்டாணிக் கொண்டை என்று இன்னொரு வகை. இந்த இரண்டு வகைக் கோழிகளையும் இருவரும் கலந்தார்கள். பிறந்த குஞ்சுகளுக்கு ரோஜாவும் வரவில்லை, பட்டாணியும் வரவில்லை. அக்ரூட் பருப்புப் போல் மடிப்பு மடிப்பான புதுக் கொண்டை வந்தது!

அந்த அக்ரூட் கொண்டைக் கோழிகளையே ஒன்றோடு ஒன்று சேர்த்தார்கள். இப்போது நான்கு வகைக் குஞ்சுகள் பிறந்தன. 16 குஞ்சுகளுக்கு 9 அக்ரூட், 3 ரோஜா, 3 பட்டாணி, 1 சாதாரண ஒற்றைக் கொண்டை என்ற கணக்கில் அவை இருந்தன. பாட்டனிடமும் பாட்டியிடமும் இல்லாத ஒற்றைக் கொண்டை, பேரனுக்கு எப்படி வந்தது?

மனக்கணக்காகப் போட்டால் தலை சுற்றும். புன்னட் எளிய வழி கண்டார். மேலே தந்தையின் பங்கை எழுது. பக்கத்தில் தாயின் பங்கை எழுது. நடுவில் கட்டம் போடு. பாவும் ஊடையும் சந்திப்பது போல், இரண்டும் சந்திக்கும் இடத்தில் குஞ்சின் குணம் தெரியும். இந்தக் கணக்குக்கு மொத்தம் 16 கட்டம். உலகப் புகழ் பெற்ற புன்னட் கட்டம் இதுதான்.

கிரிக்கெட் தோழர்

ஒரு சமயம் புன்னட்டிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஓங்கி நிற்கும் குணம் தலைமுறைக்குத் தலைமுறை பெருகி, கடைசியில் எல்லோருக்கும் வந்து விடாதா என்பதுதான் கேள்வி.

புன்னட்டுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கப்படவும் இல்லை. தம்மோடு கிரிக்கெட் விளையாடும் கணித மேதை ஹார்டியிடம் போய்க் கேட்டார். வேறு எதுவும் குறுக்கிடாவிட்டால் விகிதம் மாறாது என்று, ஹார்டி சில வரிகளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1908-ம் ஆண்டு அது வெளியாயிற்று. இன்றும் அது ஒரு முக்கிய விதி.

அந்த ஹார்டி வேறு யாரும் அல்ல. கும்பகோணத்தில் வளர்ந்த நம் கணித மேதை ராமானுஜனை, 1914-ம் ஆண்டு கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர்தான்!

புன்னட்டும் நம் பக்கம் வந்திருக்கிறார். 1909-ம் ஆண்டு இலங்கைக்கு வந்து, வண்ணத்துப் பூச்சிகளைப் பிடித்து ஆராய்ந்தார். 1912-ம் ஆண்டு கேம்பிரிட்ஜில் மரபியலுக்குத் தனிப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அதன் முதல் பேராசிரியர் அவரே.

யுத்தமும் முட்டையும்

1914-ம் ஆண்டு முதல் உலக யுத்தம் மூண்டது. இங்கிலாந்துக்கு உணவு கொண்டு வரும் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. மனிதருக்கே தானியம் பற்றாக்குறை. கோழிக்கு எங்கே போவது?

முட்டை இடுவது பெட்டை மட்டும்தான். ஆனால் பிறக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். எது சேவல், எது பெட்டை என்று தெரியப் பல வாரங்கள் ஆகும். அதுவரை எல்லாவற்றுக்கும் தீனி போட வேண்டும். முதல் நாளே தெரிந்துவிட்டால் எவ்வளவு தானியம் மிச்சம்!

அதற்கு வழி சொன்னார் புன்னட்.

கோழியின் நிறத்தில் தங்கம், வெள்ளி என்று இரண்டு குணங்கள் உண்டு. வெள்ளி ஓங்கி நிற்கும். இந்த நிறத்துக்குச் சேவலிடம் இரண்டு பங்கு இருக்கும். பெட்டையிடம் ஒரே பங்குதான். அந்த ஒரு பங்கையும் அது மகனுக்கே கொடுக்கும். மகளுக்குக் கொடாது.

ஆகையால், தங்க நிறச் சேவலையும் வெள்ளி நிறப் பெட்டையையும் சேர்த்தால் என்ன ஆகும்? ஆண் குஞ்சுக்குத் தாயின் வெள்ளி வரும். அது வெளிறி இருக்கும். பெண் குஞ்சுக்குத் தந்தையின் தங்கம் மட்டுமே வரும். அது பொன் நிறமாக இருக்கும். முட்டையை விட்டு வெளியே வந்ததும், படிக்காதவர்கூடப் பார்த்துப் பிரித்து விடலாம்!

இதில் ஒரு குறை இருந்தது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து இடும் முட்டைகளில் இந்த அடையாளம் நிலைக்காது. ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜாதிக் கோழிகளை வைத்துக் கலக்க வேண்டும். புன்னட் விடவில்லை. மைக்கேல் பீஸ் என்பவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார். 1920-களின் இறுதியில் கேம்பார் என்ற புது ஜாதியை உருவாக்கினார். அதில் தலைமுறை தோறும் ஆண் குஞ்சு வெளிறியும், பெண் குஞ்சு கருத்தும் பிறந்தன.

பழுப்பு முட்டை இடும் கோழிகளில் நிறம் பார்த்துக் குஞ்சு பிரிக்கும் முறை இன்றும் உலகில் இருக்கிறது. பிரித்த ஆண் குஞ்சுகளைக் கொல்வது சரியா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 2022-ம் ஆண்டு முதல் ஜெர்மனி அதற்குச் சட்டப்படி தடை போட்டிருக்கிறது.

யார் மேல் குற்றம்?

இந்தக் கணக்கில் நம் வீடுகளுக்கு ஒரு பாடம் உண்டு.

கோழியில், குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் முட்டையால் முடிவாகிறது. தறிக்கு இழை தரும் பட்டுப் பூச்சியிலும் அப்படியே. மனிதரில் இது நேர் எதிர். தாய் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் பங்கைத்தான் கொடுக்கிறாள். ஆணா பெண்ணா என்பது தந்தையிடம் இருந்து வரும் பங்கைப் பொறுத்தது. அதுவும் அவர் நினைத்து நடப்பது அல்ல.

பெண் பிறந்தது என்று மருமகளைத் திட்டுகிற மாமியார் இன்னும் உண்டு. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுப் பார்த்தால், அந்த ஏச்சுக்கு இடம் இல்லை என்பது தெரிந்துவிடும்.

1940-ம் ஆண்டு புன்னட் ஓய்வு பெற்றார். 1967-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, 91-வது வயதில் காலமானார். பேட்சனும் அவரும் தொடங்கிய மரபியல் பத்திரிகை பின்னர் இந்தியாவுக்கு வந்தது. இன்று பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி அதை வெளியிடுகிறது.

இன்று மாலை உங்கள் பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக் கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தறிக்காரர் வீட்டில் அதைப் புரிந்து கொள்வது கடினமே அல்ல!