தரையில் நகர் கட்டிய மேதை

மணலில் சிற்றில் கட்டி விளையாடாத சிறுமி நம்மில் யாரேனும் உண்டோ? வளர வளர அந்த விளையாட்டை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் நாற்பது வயதைக் கடந்த பின்னரும் தரையில் மண்டியிட்டு, மரக்கட்டைகளாலும் அட்டைகளாலும் வீடுகளும் நகரங்களும் கட்டி விளையாடிய அறிஞர் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர்தாம் எச். ஜி. வெல்ஸ். கால இயந்திரத்தையும், செவ்வாய்க் கோளத்தாரின் படையெடுப்பையும் கற்பனை செய்த வெல்ஸை உலகம் நன்கறியும். சின்னஞ்சிறு வீடுகள் கட்டிய வெல்ஸை அறிந்தோர் சிலரே. அவரது வாழ்க்கையைச் சற்றுக் காண்போமா?

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், அப்போது கெண்ட் மாவட்டத்தில் இருந்த பிராம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் சாமான்களும் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். கிரிக்கெட் ஆடியும் ஓரளவு பொருள் ஈட்டினார். தாய் சாரா, திருமணத்திற்கு முன் செல்வர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். கடையில் வருமானம் குறைவு. வீட்டில் வறுமை மிகுதி.

1874இல் சிறுவன் வெல்ஸின் கால் முறிந்தது. பல வாரங்கள் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. ஆனால் அந்தத் துன்பமே அவருக்கு நன்மையாக முடிந்தது. படுத்தபடியே நூல் பல படித்தார். அறிவுப் பசி பிறந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் தந்தையும் கால் முறிந்து கிரிக்கெட் வருமானத்தை இழந்தார். குடும்பம் தத்தளித்தது. 1880இல் தாய், தாம் முன்பு பணியாற்றிய அப்பார்க் மாளிகைக்கே வீட்டு மேற்பார்வையாளராகச் சென்றார்.

சசெக்ஸ் மாவட்டத்திலுள்ள அந்த மாளிகையில் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அழகிய பொம்மை வீடு ஒன்று உண்டு. அதில் சிறு அறைகளும், சிறு நாற்காலிகளும், சிறு பாத்திரங்களும் அப்படியே அமைந்துள்ளன. பணிப்பெண்ணின் மகனாக அம்மாளிகையில் தங்கிய வெல்ஸ், பின்னாளில் எழுதிய ஒரு நாவலில் இத்தகைய பொம்மை வீட்டைச் சேர்த்திருக்கிறார். செல்வர் வீட்டுப் பொம்மை வீடு விலை மதிப்பற்றது, கண்ணாடிபோல் காக்கப்படுவது. வெல்ஸ் பிற்காலத்தில் கட்டிய வீடுகளோ எவரும் ஒரு நொடியில் கட்டி மறுநொடியில் கலைக்கக் கூடியவை!

பதினான்கு வயதில் அவர் சவுத்சீ நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பயிற்சிப் பணியாளராகச் சேர்க்கப்பட்டார். நாள்தோறும் பதின்மூன்று மணி நேர வேலை. அந்த வாழ்வை அவர் வெறுத்தார். 1883இல் அதை உதறிவிட்டு, மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் படித்துக்கொண்டே கற்பிக்கும் பணியை ஏற்றார். மறு ஆண்டே உதவித்தொகை பெற்று லண்டன் சென்று, புகழ்பெற்ற ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1895இல் கால இயந்திரம் பற்றிய நாவல் வெளிவந்தது. 1897இல் கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதையும், 1898இல் செவ்வாய்க் கோளத்தாரின் போர்க் கதையும் நூல்களாயின. ஜவுளிக்கடைச் சிறுவன் உலகறிந்த எழுத்தாளர் ஆனார்.

சாண்ட்கேட் கடற்கரையூரில் அவர் சொந்த வீடு கட்டிக்கொண்டார். 1901இலும் 1903இலும் இரு ஆண்மக்கள் பிறந்தனர். அம்மக்களோடு தரையில் அமர்ந்து விளையாடிய அனுபவமே 1911இல் ‘தரை விளையாட்டுகள்’ என்னும் பொருள்படும் சிறு நூலாயிற்று. அவர்கள் விளையாட்டில் தரையே கடல், பலகைகளே தீவுகள். மரக்கட்டைகளை அடுக்கினால் நகரம். ஒரு மகன் ஒரு நகரத்திற்குத் தலைவன். மற்றவன் அடுத்த நகரத்திற்குத் தலைவன். நகர மன்றம், இரயில் நிலையம், விலங்குக் காட்சிச்சாலை எல்லாம் அங்கே எழுந்தன. கடைகளில் போர்வீரர் பொம்மைகளே மிகுதியாகக் கிடைக்கின்றன, சாதாரண மக்களின் பொம்மைகள் கிடைப்பதில்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டார்.

1913இல் ‘சின்னஞ்சிறு போர்கள்’ என்னும் பொருள்படும் அடுத்த நூல் வந்தது. வில்சுருள் கொண்ட பொம்மைப் பீரங்கியால் சிறு மரத்துண்டைச் சுட்டு, எதிரியின் பொம்மை வீரர்களை வீழ்த்தும் விளையாட்டு அது. போர்க்களம் அமைப்பதில் வெல்ஸ் கைதேர்ந்தவர். பலகைகளை அடுக்கிக் குன்றுகள் செய்தார். பலகையில் துளையிட்டுச் செடிகளின் சிறு கிளைகளை நட்டு மரங்களாக்கினார். தரையில் சுண்ணக்கட்டியால் ஆறுகள் வரைந்தார். கதவும் சன்னலும் தீட்டிய அட்டையைச் சுவராக்கி, உள்ளே மரக்கட்டைகளை நிரப்பி வீடுகள் செய்தார். வீடு உள்ளீடற்றிருந்தால் அதனுள் வீரனை நிறுத்திக் குழப்பம் விளையும். ஆதலால் வீடு கெட்டியாகவே இருக்க வேண்டும் என்பது அவரது விதி.

அந்நூலின் நீண்ட துணைத்தலைப்பு வேடிக்கையானது. பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்கும், அவர்களுடைய விளையாட்டுகளையும் நூல்களையும் விரும்பும் கூடுதல் அறிவுள்ள பெண்களுக்கும் உரிய விளையாட்டு என்று அவர் குறித்திருந்தார். இதை அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது. சிறிது கோபமும் வந்தது. ஆண்களுக்கு வயதுத் தடைகூட இல்லை; பெண்களுக்கு மட்டும் அறிவுத் தேர்வா?

அத்தேர்வில் நாங்களும் தேறுவோம் என்று காட்ட, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் வகுப்பில் ஐவர் முனைந்தோம். முதலில் பழைய நோட்டு அட்டைகளை ஒட்டி உள்ளீடற்ற வீடு ஒன்று செய்தோம். கோந்து காயவே அரை நாள் ஆயிற்று. மின்விசிறிக் காற்றில் அது சாய்ந்தும் போயிற்று. பிறகு வெல்ஸின் வழிக்கு வந்தோம். சோப்புப் பெட்டிகளில் மண்ணை நிரப்பி மூடினோம். வெள்ளைத் தாளைச் சுற்றிக் கதவும் சன்னலும் வரைந்தோம். ஓர் அட்டையை நடுவில் மடித்துக் கூரையாகக் கவிழ்த்தோம். ஒரு பாடவேளைக்குள் பன்னிரண்டு வீடுகள் எழுந்தன! பீரங்கிக்குப் பதில் கோலிக்குண்டுகளை உருட்டத் தொடங்கியபோது, எங்களுள் ஒருத்தி தான் கட்டிய வீட்டின் முன்னே கையைக் குறுக்கே வைத்துக்கொண்டாள். அதை இடிக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. நாங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டோம்.

வெல்ஸ் உணர்த்த விரும்பியதும் இதுதான். போர்வெறி கொண்ட மன்னர்களையும் தலைவர்களையும் ஒரு பெரிய கூடத்தில் அடைத்து, சிறு மரங்களையும், இடித்துத் தள்ளச் சிறு வீடுகளையும், எண்ணற்ற பொம்மை வீரர்களையும் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாக வாழலாம் என்பது அந்நூலின் முடிவில் அவர் கூறும் கருத்து. உண்மைப் போர் எவ்வளவு பெரிய மடமை என்பதை அறிய, சிறு போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே போதும் என்று அவர் நம்பினார்.

ஐயோ! அடுத்த ஆண்டே, 1914இல், முதல் உலகப் போர் மூண்டது. விளையாட்டு நூல் அதைத் தடுக்கவில்லை. அதை எழுதியவரே, இப்போர் எல்லாப் போர்களுக்கும் முடிவு கட்டும் என்று நம்பி அதனை ஆதரித்து எழுதினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. 1939இல் இரண்டாம் உலகப் போர் வந்தது. லண்டன் மீது குண்டுகள் பொழிந்தபோது, முதியவரான வெல்ஸ் தம் இல்லத்தை விட்டு அகலாமல் அங்கேயே இருந்தார். தரையில் அட்டை வீடுகள் கட்டியவர், உண்மை வீடுகள் சரிவதைக் கண்டார். 1914இல் தம் நாவலில் அவர் கற்பனை செய்த அணுகுண்டு, 1945இல் ஹிரோஷிமா நகரை உண்மையாகவே அழித்ததையும் அறிந்தார்.

போரின் நடுவிலும் அவர் உழைத்தார். 1940இல் மனிதர்க்குரிய உரிமைகளைத் தொகுத்து நூலாக்கினார். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்திற்கு முன்னோடியான முயற்சிகளுள் அதுவும் ஒன்று. அந்நாளைக் காண அவர் இல்லை. 1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் லண்டனில் காலமானார். சமயம் பற்றியும் திருச்சபை பற்றியும் அவர் கொண்ட கருத்துகளை நாம் ஏற்க இயலாது. ஆயினும் அமைதிக்காக அவர் உழைத்த உழைப்பை மறக்கவும் இயலாது.

அவர் விதைத்த விளையாட்டு அழியவில்லை. மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற பெண் மருத்துவர், ‘தரை விளையாட்டுகள்’ நூலை நினைவில் கொண்டு, மனம் நொந்த குழந்தைகளிடம் மணல் தட்டையும் சிறு வீடுகளையும் பொம்மைகளையும் கொடுத்தார். சொல்லால் கூற இயலாத துயரை அக்குழந்தைகள் மணலில் அமைத்துக் காட்டினர். 1974இல் அமெரிக்காவில், ஆளுக்கொரு கதைமாந்தராக மாறி மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு பிறந்தது. அதைப் படைத்த இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், ‘சின்னஞ்சிறு போர்கள்’ நூலின் 2004ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதினார். இன்றும் அத்தகைய விளையாட்டினர் அட்டையாலும் தெர்மோகோலாலும் விரைவாக வீடுகள் செய்து, மேசைமேல் ஊர்களை எழுப்புகின்றனர்.

தோழியரே! இடிக்க ஒரு நொடி போதும். கட்டியவருக்கே அதன் அருமை தெரியும். எங்கள் பன்னிரண்டு வீடுகளும் வகுப்பறைச் சன்னல் ஓரத்தில் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் கோலிக்குண்டு உருட்ட இதுவரை எவருக்கும் மனம் வரவில்லை. நாடுகளை ஆள்வோர்க்கும் அந்த மனம் வாய்த்தால் உலகம் பிழைக்கும். அந்த நாளுக்காக நாமும் கட்டுவோரின் பக்கம் நிற்போமாக!