நட்பினும் பெரிய கடமை

திருக்குறளில் அமைச்சரைப் பற்றிய பகுதியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாளிலே, கிறித்தவ மாணவன் ஒருவன் எழுந்து ஓர் ஐயம் கேட்டான். செவிசாயாத மன்னனுக்கும் நல்லதைச் சொல்லியே தீரவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. பவுல் அடிகளோ உரோமருக்கு எழுதிய நிருபத்தில் ஆள்வோருக்குக் கீழ்ப்படியுமாறு போதிக்கின்றார். அங்ஙனமாயின், கிறித்தவன் ஒருவன் ஆள்வோரை இடித்துரைத்தல் தகுமோ என்பது அவனது வினா. நான் விடையாக ஒருவருடைய வரலாற்றைக் கூறினேன். அதனையே இங்கும் கூற விழைகின்றேன்.

வில்லியம் வில்பர்போர்ஸ் 1759ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹல் என்னும் துறைமுக நகரில், செல்வம் மிக்க வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1780இல், இருபத்தொரு வயதில், அந்நகரத்தார் அவரைத் தெரிந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். ஆங்கே அவருக்கு உற்ற நண்பராக வாய்த்தவர் வில்லியம் பிட். பிட் 1783இன் இறுதியில், இருபத்து நான்கு வயதிலேயே, பிரதம மந்திரியானார்.

1785ஆம் ஆண்டளவில் வில்பர்போர்ஸின் உள்ளம் சமயநெறியில் ஆழ்ந்தது. இறைவனுக்கு உரியவன் அரசியலில் நிற்கலாமோ என்று அவர் கலங்கினார். ஜோன் நியூற்றன் என்னும் குருவானவரிடஞ் சென்று யோசனை கேட்டார். முன்னாளில் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்து பின்னர் மனந்திரும்பியவர் அவர். பாராளுமன்றத்தை விட்டு விலகவேண்டாம் என்பதே அவர் கூறிய புத்தி. அரசியலைத் துறவாது அதற்குள்ளேயே தொண்டு செய்யும் துணிவு வில்பர்போர்ஸுக்கு அன்று பிறந்தது.

ஆபிரிக்க மக்களைப் பிடித்து விற்கும் வாணிகத்தை ஒழிக்கும் பணியை மேற்கொள்ளுமாறு 1787இல் அவரைத் தூண்டியவர் பிட்டே. ஆயினும் பிட் அதனை அரசாங்கத்தின் மசோதாவாகக் கொண்டுவரவில்லை. 1791இல் வில்பர்போர்ஸின் பிரேரணை 88க்கு எதிராக 163 வாக்குகளால் தோற்றது. அடுத்த ஆண்டிலே, ஹென்றி டண்டாஸ் என்னும் அமைச்சர், படிப்படியாக என்னும் ஒரு சொல்லை இடையிற் செருகி, அதன் வலிமையைக் குன்றச் செய்தார்.

பிரான்சுடன் போர் மூண்ட பின், 1794 டிசம்பரில், சமாதானம் நாடவேண்டுமென்று வில்பர்போர்ஸ் தம் நண்பரின் அரசாங்கத்துக்கு மாறாக ஒரு திருத்தம் கொணர்ந்தார். பிட் பெரிதும் மனம் நொந்தார். சிலகாலம் இருவர்க்குமிடையே நட்புத் தளர்ந்து, பின்னர் மீண்டது.

இவரிடங் குறையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரான்சிய புரட்சி கண்டு அஞ்சியிருந்த அக்காலத்திலே, 1795இல், பொதுக்கூட்டங்களை ஒடுக்கும் சட்டத்தை இவர் ஆதரித்தார். தொழிலாளர் சங்கங்களைத் தடுத்த 1799ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் துணைநின்றார். தூரதேசத்து அடிமைக்காக உருகியவர் தம் நாட்டு ஏழையின் குரலை அடக்க உடன்பட்டமையை நாம் மறைத்தலாகாது. அச்சம் நல்லோர் கண்ணையும் மறைக்கும் என்பதற்கு அது சான்று.

அவரது நேர்மைக்குப் பெருஞ்சோதனை 1805 ஏப்பிரலில் வந்தது. மெல்வில் பிரபுவாகிவிட்ட அந்த டண்டாஸ் கடற்படையின் பொருளாளராயிருந்த காலத்தில், அவர்கீழ்ப் பணிபுரிந்தவர் பொதுப்பணத்தைத் தம் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தியமை விசாரணையில் வெளிவந்தது. பிரபுமீது கண்டனப் பிரேரணை எழுந்தது. பிட் தம் சகாவைக் காக்க முனைந்தார். இரவு நெடுநேரஞ் சென்றபின் வில்பர்போர்ஸ் பேச எழுந்தார். நண்பரின் பார்வை தம்மீது பதிந்திருப்பதை அவர் அறிவார். ஆயினும் கண்டனத்தின் பக்கமே நின்றார். வாக்குகள் 216க்கு 216 எனச் சமமாயின. சபாநாயகரின் வாக்கினால் கண்டனம் நிறைவேறியது. பிட் அவையிலேயே கண்ணீர் விட்டார். அடுத்த ஆண்டு நடந்த வழக்கில் மெல்வில் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று. அதற்கு முன்னரே, 1806 சனவரியில், பிட் காலமானார்.

1807 பெப்ரவரியில் அடிமை வாணிக ஒழிப்பு மசோதா 16க்கு எதிராக 283 வாக்குகளாற் பொதுமக்கள் சபையில் வென்றது. 1825இல் வில்பர்போர்ஸ் பாராளுமன்றம் நீங்கினார். அடிமை முறையையே ஒழிக்கும் மசோதா நிறைவேறுவது உறுதி என்ற செய்தியைக் கேட்ட மூன்றாம் நாள், 1833 யூலை 29இல், உயிர் நீத்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் பிட்டின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டார்.

அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் இலங்கைத்தீவு சேர்க்கப்படவில்லை. ஈங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேதான். ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருந்தமையையும் மாணவர் மறத்தலாகாது. அக்கரைக் கதையென்று இதனைக் கேட்டு அமைந்துவிட நமக்கு உரிமையில்லை.

மாணவனின் ஐயத்துக்கு வருவோம். ஆள்வோருக்கு வரி செலுத்தவும், அவரை மதிக்கவும், அவர்க்காகச் செபிக்கவும் கிறித்தவன் கடமைப்பட்டவன். அவர் தவறுமிடத்து முகத்துக்கு நேரே சொல்லுதலும் அம்மதிப்பின் ஒரு கூறே என்பதை வில்பர்போர்ஸ் 1805இல் காட்டினார். அதனைச் செய்யாத 1795இல் அவர் தாழ்ந்தார். வாக்களித்து ஒருவரை அனுப்பியபின் அவருக்கு மாலையிடுதலும், வெறுத்தபின் வசைபாடுதலும் எளிய செயல்கள். நாம் விரும்பித் தெரிந்தவரிடமே அவர் குற்றத்தை எடுத்துரைத்தல் அரிது. நான் சொல்லி முடித்ததும் அம்மாணவன், நம் பிரதிநிதிகளிடம் நாம் என்றேனும் அப்படிச் சொன்னதுண்டோ என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடையில்லை.