இரட்டைச் சூறாவளியின் இயல்பு கண்டவர்

மெல்ல வீசும் காற்றைத் தென்றல் என்று போற்றுகிறோம். சினங்கொண்டு சுழலும் காற்றைச் சூறாவளி என்று அஞ்சுகிறோம். அட்லாண்டிக் மாகடலில் எழுவதை ஹரிக்கேன் என்றும், பசிபிக் மாகடலின் மேற்கே எழுவதை டைபூன் என்றும் கூறுவர். பெயர் வேறாயினும் இயல்பு ஒன்றே. வெப்பமுற்ற கடலின்மேல் ஈரக்காற்று உயர்ந்தெழ, அதனைச் சூழ்ந்த காற்று உள்நோக்கிப் பாய்ந்து ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது. வலிய சூறாவளியின் மையத்தைக் 'கண்' என்பர். அம்மையம் செல்லும் வழியை முன்னரே அறிந்தாலன்றிக் கரையோரத்து மக்களைக் காத்தல் இயலாது. ஆயின், ஒரு சூறாவளிக்கு மையம் ஒன்றுதானா? இரண்டும் இருத்தல் கூடுமா? இரு சுழல்கள் அருகருகே தோன்றினால் அவை என்ன செய்யும்? இவ்வினாக்களை ஆராய்ந்து தெளிவு கண்ட பேரறிஞர், ஜப்பான் நாட்டுச் சகுஹெய் புஜிவாரா ஆவார்.

புஜிவாரா 1884ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள், நகானோ மாநிலத்துச் சுவா என்னும் ஊரில் பிறந்தார். நாற்புறமும் மலைகள் சூழ, நடுவே பெரிய ஏரி விளங்கும் ஊர் அது. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று, 1909இல் பட்டம் பெற்றார். பின்னர் ஜப்பானின் மத்திய வானிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியில் அமர்ந்தார்.

அக்காலத்தே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது ஒரு விந்தை. அசாமா என்னும் எரிமலை வெடிக்குங்கால், அதன் ஓசை அருகிலுள்ள ஊர்களிற் கேட்கும். சற்றுத் தொலைவிலுள்ள ஊர்களிற் கேளாது. அவற்றிற்கும் அப்பாலுள்ள ஊர்களில் மீண்டும் கேட்கும். அண்மையிற் கேளாத ஓசை சேய்மையிற் கேட்பது எங்ஙனம்? மேலே உள்ள காற்றின் வேகமும் வெப்பமும் உயரத்திற்கேற்ப மாறுவதால், ஓசை வளைந்து சென்று தொலைவில் இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார் புஜிவாரா. இவ்வாராய்ச்சிக்காக 1920இல் ஜப்பானியப் பேரரசுக் கழகம் அவருக்குப் பரிசளித்துச் சிறப்பித்தது.

அதன்பின் அவர் ஐரோப்பா சென்றார். நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் வில்ஹெம் பியெர்க்னெஸ் என்னும் பேரறிஞர் வானிலை நூலுக்குப் புதுநெறி வகுத்துவந்தார். அவரிடத்தே பல நாட்டு ஆராய்ச்சியாளர் கூடினர். அவர்களுள் ஒருவராய்ப் புஜிவாராவும் பயின்றார். 1921இல் இங்கிலாந்தின் அரச வானிலைக் கழக இதழில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சுழல்கள் பற்றிய அவருடைய கொள்கைக்கு அதுவே தோற்றுவாய்.

விண்ணிற் சுழலும் காற்றைக் கையாற் பிடித்து ஆராய்தல் இயலுமோ? இயலாது. ஆதலின் அவர் தொட்டி நீரிற் சுழல்களை உண்டாக்கி ஆராய்ந்தார். ஒரே திசையிற் சுழலும் இரு நீர்ச்சுழல்கள் அருகில் இருப்பின், அவை ஒன்றையொன்று சுற்றிவரத் தொடங்கின. சுற்றச் சுற்ற நெருங்கின. முடிவில் ஒன்றாய்க் கலந்தன. பெருங்கடலின்மீது எழும் சூறாவளிகளும் இம்முறையே ஒழுகும் என்று அவர் உணர்ந்தார். 1923இலும் 1931இலும் மேலும் கட்டுரைகள் எழுதி இக்கருத்தை வலியுறுத்தினார்.

மாணவர்களே, நீங்கள் இருவர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதை எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒத்த எடையினராயின், நடுவிலுள்ள ஓரிடத்தையே இருவரும் சுற்றுவர். ஒருவர் பெரியவராயும் மற்றவர் சிறுவராயும் இருப்பின், பெரியவர் சிறிதே நகர, சிறுவரே விரைந்து சுற்றுவார். இரு சூறாவளிகளும் அத்தகையனவே. அவற்றிற்குக் கைகள் இல்லை. ஒன்றன் காற்றோட்டம் மற்றதனை இழுத்துச் செல்கிறது. வலிமை ஒத்தனவாயின் இரண்டிற்கும் இடைப்பட்ட புள்ளியைச் சுற்றிவரும். ஒன்று மெலிந்ததாயின் அது வலியதனைச் சுற்றி வந்து, அதனுள் அடங்கிப்போவதும் உண்டு. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இச்சுற்று இடஞ்சுழியாகவும், தெற்கே வலஞ்சுழியாகவும் நிகழும். பொதுவாக ஆயிரம் அல்லது ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் இடைவெளிக்குள் வந்த பின்னரே இவ்வுறவு தோன்றுகிறது.

இனி, முதல் வினாவுக்கு விடை காண்போம். சூறாவளி உருவாகும் பருவத்தில், பரந்த மேகக்கூட்டத்தினுள் சிறு சுழல்கள் சில ஒருங்கே தோன்றுதல் உண்டு. அப்பொழுது உண்மை மையம் எதுவென்று அறிஞரும் மயங்குவர். நாளடைவில் அவற்றுள் ஒன்று வலுப்பெற்று ஏனையவற்றைத் தன்னுட் கொள்ளும். முதிர்ந்த சூறாவளியின் கண்ணோரத்தும் சிறு சுழல்கள் தோன்றி மறையும். எனினும் அவை யாவும் பெருஞ்சுழலுக்கு அடங்கியனவே. ஆகவே, முதிர்ந்த சூறாவளிக்கு மையம் ஒன்றே. ஒரே கடலில் இரு பெருமையங்கள் நெருங்கி நிற்குமாயின், அவை நெடுநாள் அவ்வாறே நில்லா. ஒன்று மற்றொன்றில் அடங்கும். அன்றிச் சிறிது தொலைவு சேர்ந்து சுழன்று பிரிந்து செல்லும்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் அறிவன்று. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் பார்மா என்னும் சூறாவளி பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசான் தீவைத் தாக்கிக் கடந்தது. துன்பம் நீங்கிற்று என்று மக்கள் எண்ணியிருக்க, கிழக்கே வந்த மெலோர் என்னும் வலிய சூறாவளியின் ஈர்ப்பிற்பட்டுப் பார்மா திரும்பி வந்தது. அதே தீவின்மீது நெடுநேரம் தங்கிப் பெருமழை பொழிந்தது. மலைகள் சரிந்து பலர் மாண்டனர். இரட்டைச் சூறாவளியின் போக்கை முன்னறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று.

தாயகம் திரும்பிய புஜிவாரா பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கினார். மேகங்களைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் எளியவரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் நூல்கள் எழுதினார். மக்கள் அவரை வானிலை வல்லுநர் என்று அன்புடன் அழைத்தனர். 1941இல் மத்திய வானிலை நிலையத்தின் தலைவரானார்.

அவ்வாண்டின் இறுதியிலேயே ஜப்பான் பெரும்போரில் இறங்கிற்று. வானிலைச் செய்தி பகைவர்க்குப் பயன்படும் என்று கருதிய அரசு, டிசம்பர் 8ஆம் நாள் முதல் அதனை மறைபொருளாக்கியது. வானொலியில் வானிலை அறிவிப்பு நின்றது. 1942 ஆகஸ்டில் ஒரு கொடுஞ்சூறாவளி மேற்கு ஜப்பானைத் தாக்கியபோது மக்களுக்குப் போதிய முன்னறிவிப்புக் கிட்டவில்லை. ஆயிரவர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மக்களைக் காக்கவென்று வளர்த்த அறிவு, மக்களிடமிருந்தே மறைக்கப்பட்டது. அந்நிலையத்தின் மேற்காற்று ஆராய்ச்சி, பசிபிக் கடலைக் கடந்து வெடிகுண்டு சுமந்து செல்லும் பலூன்களை ஏவவும் துணைபுரிந்தது. அறிஞர் வாழ்வில் நேர்ந்த இக்கறையை நாம் மறைத்தல் தகாது. அறிவு எவர் கையிற் சிக்குகிறதோ அதற்கேற்ப நன்றும் தீதும் பயக்கும் என்பதை அது உணர்த்துகிறது.

போர் முடிந்தபின், 1945 ஆகஸ்டு 22ஆம் நாள் வானொலியில் வானிலை அறிவிப்பு மீண்டும் ஒலித்தது. ஆயினும் தொலைத்தொடர்புகள் சிதைந்திருந்தன. செப்டம்பர் 17ஆம் நாள் மாக்குராசாகியிற் கரையேறிய சூறாவளியால், அணுகுண்டால் அழிந்த இரோஷிமாப் பகுதியில் மட்டும் இரண்டாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். காற்றை அறிந்தவர் இருந்தும், அவர் சொல் உரியவரைச் சேராவிடின் நேரும் கேடு இது.

புஜிவாரா 1947இற் பதவியினின்றும் நீங்கினார். 1950ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தம் அறுபத்தாறாம் வயது நிறையுமுன் இயற்கை எய்தினார். இரு சூறாவளிகள் ஒன்றையொன்று சுற்றிவரும் நிகழ்ச்சியைப் 'புஜிவாரா விளைவு' என்றே உலக அறிஞர் வழங்குகின்றனர். தொட்டி நீரிற் சுழல் கண்டு கடலின் இயல்பை உணர்ந்தவர் அவர். சிறியதைக் கூர்ந்து நோக்குவோர் பெரியதை அறிவர். அறிந்ததை உரிய காலத்தே உலகிற்கு உரைப்போரே உயிர்களைக் காப்பர்.