டோனாவூர் அம்மை

நெல்லை நாட்டில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, களக்காட்டிற்கு அண்மையில் டோனாவூர் என்னும் சிற்றூர் உளது. களக்காட்டு மலையிற் பிறக்கும் பச்சையாறு அப்பகுதி வயல்களை வளப்படுத்திப் பின் தாமிரபரணியோடு கலக்கின்றது. இவ்வூரில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, நோயாளரையும் குழவியரையும் பேணும் பணியை இளம்பெண்கள் பலர்க்குக் கற்பித்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

அவர் 1867-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். 1895-இல் இந்தியா போந்து, அடுத்த ஆண்டு நெல்லைச் சீமைக்கு வந்தார், அரிதின் முயன்று தமிழ் பயின்றார், சேலை உடுத்தார், பின்னர்த் தாயகம் திரும்பினாரல்லர்.

அக்காலத்தில் சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அந்நிலைக்கு அஞ்சி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 1901-இல் அம்மையாரை அடைந்தாள். 1904 முதல் கைக்குழந்தைகளும் வரலாயின. தாய்ப்பாலில்லாக் குழவியர் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர்.

இரவெல்லாம் விழித்திருந்து, அழுக்குத் துணி அலசி, அவர்களைப் பேணுவார் யார்? குடிப்பிறந்த பெண்டிர் அதனை ஏவலாள் வேலையென ஒதுக்கினர். ஊர்தோறும் சென்று போதித்த அம்மையார்க்கே, தொட்டிலோடு கட்டுண்டு கிடத்தல் தகுமோ என்னும் ஐயம் எழுந்தது. இயேசுநாதர் தம் சீடர் கால்களைக் கழுவியதை நினைந்து அவ்வையத்தை அகற்றினார். இளங் கைம்பெண்ணாகிய பொன்னம்மாள் அவர்க்கு வலக்கையானார். நெய்யூரில் குழந்தைகள் இல்லத்தை நடத்தினார். அவர் புற்றுநோயுற்று 1915-இல் மறையும் வரை அம்மையார் உடனிருந்து பேணினார்.

மாணவர்களே, குழவிக்குத் தன்னைக் காத்தவர் யாரென்று தெரியாது. நன்றி கூறவும் தெரியாது. முதுமையில் நினைவிழந்தோர் நிலையும் ஏறக்குறைய அதுவே. இன்று செவிலியர் கல்வி பயில்வோருள் சிலர், தம்மை அறியாதாரைப் பேணுவதில் பயன் என்னோ எனத் தயங்குவதுண்டு. அத்தயக்கம் இயல்பே, ஆயினும் முதியவர் குழவியாகார். நெடுங்காலம் வாழ்ந்து பெற்ற மானமும் அச்சமும் அவரை விட்டு நீங்குவதில்லை. ஆதலின் அவரைத் தொடுகையும் குரலும் இன்னும் மென்மையாதல் வேண்டும்.

1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், களக்காட்டில் மருத்துவப் பணிக்கென அமைத்து வந்த வீட்டைப் பார்க்கச் சென்ற அம்மையார், இருளில் ஒரு குழியில் வீழ்ந்து கால் முறிந்தார். அன்றுமுதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் அறைக்குள்ளேயே அடங்கினார். பேணியவர் பேணப்படுபவர் ஆனார். அவர் வளர்த்த குழந்தைகளே செவிலியராகி, அவரைத் திருப்பிப் படுக்க வைத்தனர். வலியால் துயிலாத இரவுகளில் அருகிருந்தனர். பிறர் கையை எதிர்நோக்கிக் கிடத்தல் எத்துணை அரிதென்பதை அம்மையார் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தார் போலும்! நலமுடையோர் கூறும் ஆறுதல் நோயாளர் நெஞ்சில் படிவதில்லை எனக் கண்டு, நோயாளியாகவே இருந்து நோயாளர்க்கு நூலொன்று எழுதி 1933-இல் வெளியிட்டார். 1948-இல் அறையிலேயே மீண்டும் வீழ்ந்தபின் எழவே இயலவில்லை.

டோனாவூர் இல்லத்தில் இந்நாட்டு மகளிரை அக்காள் என்றும், அயல்நாட்டு மகளிரைச் சித்தி என்றும், ஆடவரை அண்ணாச்சி என்றும் குழந்தைகள் அழைத்தனர். அம்மையார் 1951-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள் மறைந்தார். தமக்குக் கல்லறைக்கல் வேண்டாவெனச் சொல்லியிருந்தமையால், பறவைகள் நீருண்ணும் தொட்டியொன்றை அங்கு நிறுவி, அம்மை என்னும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.